'என்று' என்பதும் 'தட்' என்பதும்

ஆங்கிலத்தில் 'தட்' என்னும் சொல் நான்கே எழுத்தால் ஆனது. நம் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொடக்க வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். 'அது', 'அந்த' என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பின்னர் அதே சொல் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வந்து நின்று, நம் 'என்று' செய்யும் வேலையைச் செய்யக் காணும்போது, 'இங்கே இதற்கு என்று எனப் பொருள்' என்று மற்றொரு வரி சொல்லி மறுபடியும் கடந்துவிடுகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் கற்பித்து வரும் நானும் அவ்வாறு கடந்துபோனவனே. அந்த இரண்டாவது வரி பாதி உண்மைதான் என்பதை எனக்கு உணர்த்தியவன் என் பழைய மாணவன் ஒருவன். அதற்கு அவன் கொடுத்த விலை இரண்டு வாரத் தூக்கம்.

அவன் எங்கள் பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளியையும் முடித்து, வெளிநாட்டார் நடத்தும் ஒரு தொழிற்சாலையின் பொருட்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவன். ஓர் இரவு கிடங்கின் கதவு பூட்டப்படாமல் இருந்துவிட்டது. காலையில் சில பெட்டிகளைக் காணவில்லை. அன்றிரவு வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். உடன் வேலை செய்த ஒருவன் இவனிடம், "நான்தான் சாவியை எடுத்தேன், பூட்ட மறந்துவிட்டேன்" என்று விடியுமுன்னரே சொல்லியிருந்தான். இவன் எழுதிய வாக்கியம் இது: 'ஹி டோல்ட் தட் ஐ டுக் த கீ அண்ட் ஐ ஃபர்காட் டு லாக் த டோர்.' இதை எழுதும்போது அவன் மனத்தில் ஓடிய தமிழ் வாக்கியத்தில் எந்தப் பழுதும் இல்லை: 'நான் சாவியை எடுத்தேன், பூட்ட மறந்துவிட்டேன் என்று அவன் சொன்னான்.' ஆனால் ஆங்கிலம் படிப்பவர் கண்ணுக்கு அது வேறொன்றாகப் படும். இதை எழுதுகிற நான் சாவியை எடுத்ததாகவும், இதை எழுதுகிற நான் பூட்ட மறந்ததாகவும் அவன் சொன்னான் என்பதே அதன் பொருள். அதை மறுத்து ஒரு சொல்கூட அறிக்கையில் இல்லை. போதாதா? விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை இரண்டு வாரம் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஐயா, அவன் சொன்னதை அப்படியேதானே எழுதினேன்? இதில் என்ன தப்பு?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டான். அவன் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. அப்படியே எழுதினான், அதுதான் தப்பு. தமிழில் பிறர் கூற்றை அப்படியே எடுத்து வைத்து 'என்று' போட்டு முடிக்கலாம். ஆங்கிலத்தில் 'தட்' போட்டுவிட்ட பிறகு உள்ளே இருப்பதை அப்படியே வைப்பதற்கில்லை.

சொற்கள் பிறந்த இடம்

'என்று' என்பதை இடைச்சொல்லாக நாம் வழங்கினாலும் அது பிறந்த இடம் வினை. 'என்' என்னும் பகுதிக்குச் 'சொல்லுதல்' என்பது பொருள். 'என்றான்', 'என்பர்', 'என்க' என்று அவ்வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. 'தின்' என்பது 'தின்று' ஆனது போல 'என்' என்பது 'என்று' ஆயிற்று. ஆகவே, 'சொல்லி' என்பதே அதன் முதற்பொருள். தெலுங்கின் 'அனி', கன்னடத்தின் 'எந்து', மலையாளத்தின் 'என்னு' ஆகியவையும் இவ்வாறே சொல்லுதற்பொருள் வினையிலிருந்து வந்தவை. தொல்காப்பியர் இடையியலில், 'என' என்னும் சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறிடத்தும் வரும் என்று கூறி, 'என்று' என்பதும் அத்தன்மையதே என அடுத்தே சேர்த்துவிடுகிறார். இசை என்று அவர் குறித்ததை எண்ணிப் பாருங்கள். கதவு சடார் என்று மூடியது என்கிறோம். கதவு பேசியது, அது பேசியதை நாம் மாற்றாமல் எடுத்துச் சொல்கிறோம்! பேச்சோ, நினைப்போ, வெறும் ஓசையோ, அது வந்தபடியே ஏந்திக் கொடுப்பது 'என்று'. உள்ளே வினா இருந்தால் வினாவாகவே இருக்கும். ஏவல் இருந்தால் ஏவலாகவே இருக்கும். 'ஐயோ' இருந்தால் அதுவும் 'ஐயோ'வாகவே இருக்கும்.

'தட்' பிறந்த கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அது சுட்டுப்பெயர். நம் 'அது'வுக்கு நேரானது. 'அவன் சொன்னது அது: மழை பெய்கிறது' என்பது போல முதல் வாக்கியத்தைச் சேர்ந்து நின்ற சுட்டு, நாளடைவில் பின்வரும் வாக்கியத்தின் தலையில் ஏறி உட்கார்ந்து இணைப்புச் சொல்லாயிற்று என்பது ஆங்கில மொழிநூலார் தரும் விளக்கம். சுட்டு என்றால் சுட்டுகிறவன் ஒருவன் நிற்க வேண்டும் அன்றோ? அவன் யார்? இப்பொழுது பேசிக்கொண்டிருப்பவன். அவன் நிற்கும் இடத்திலிருந்தே 'நான்' யார், 'நீ' யார், 'இன்று' எது, 'இங்கே' எது என்பவை எல்லாம் அளக்கப்படும். இலக்கணக் காரணம் முழுவதும் இந்தச் சுட்டில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் சாதிக்க வரவில்லை. பிள்ளைகள் நினைவில் நிறுத்துவதற்கு இது நன்றாகப் பயன்படுகிறது, அவ்வளவே.

'நான்' யார்?

பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்ற எங்களுக்கு ஓர் அட்டவணை கொடுத்தார்கள். 'ஐ' என்பது 'ஹி' ஆகும்; 'யூ' என்பது 'ஐ' ஆகும்; 'டுடே' என்பது 'தட் டே' ஆகும்; இப்படியே கீழே போகும். நாங்களும் மனப்பாடம் செய்தோம், தேர்வில் எழுதினோம், பின்னர் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தோம். அட்டவணை தவறன்று. ஆனால் அது ஒரே ஒரு சூழ்நிலைக்கு வரைந்த படம்.

கண்ணன் மணியைப் பார்த்து, 'யூ ஆர் லேட்' என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இதை மணியே வந்து என்னிடம் சொன்னால், 'ஹி செட் தட் ஐ வாஸ் லேட்' என்பான். நான் மணியிடம் நினைவூட்டினால், 'ஹி செட் தட் யூ வேர் லேட்' என்பேன். நான் வேறொருவரிடம் சொன்னால், 'கண்ணன் டோல்ட் மணி தட் ஹி வாஸ் லேட்' என்பேன். கண்ணன் வாயிலிருந்து வந்தது ஒரே 'யூ'. அது 'ஐ'யும் ஆயிற்று, 'யூ'வாகவும் நின்றது, 'ஹி'யும் ஆயிற்று. எந்த அட்டவணை இதைச் சொல்லும்? சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பார்த்தால் பிள்ளைகளுக்கு அட்டவணையே வேண்டாம்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை என்று நாம் பெருமைப்படுவதற்கும் இல்லை. 'நான் திருடன் என்று சொன்னான்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தன்னைத் திருடன் என்று ஒப்புக்கொண்டானா? என்னைத் திருடன் என்று பழித்தானா? இரண்டுக்கும் இவ்வாக்கியம் இடம் தருகிறது. பேசும்போது குரலும் முகமும் சூழலும் சேர்ந்து நம்மைக் காப்பாற்றிவிடுகின்றன. எழுத்தில் அவை துணைக்கு வருவதில்லை. அந்தக் கிடங்கு அறிக்கையைத் தமிழிலே எழுதியிருந்தாலும், அவன்மீது முன்பே ஐயம் கொண்ட ஒருவர் அதைத் தவறாகப் படித்திருக்க முடியும். ஆங்கிலத்தில் அந்த இரட்டை வழியும் அடைபட்டுவிடுகிறது என்பதே வேறுபாடு. 'தட்' வந்தபின் 'ஐ' என்றால் எழுதுகிறவன்தான். வேறு பொருளே இல்லை.

ஆயினும் தமிழில் மற்றொரு வாசல் உண்டு. 'தான் வருவதாகச் சொன்னான்.' நம் பாடநூல்கள் அயற்கூற்று என்று குறிப்பிடும் அமைப்பு இதுதான். 'என்று' போய், வினை 'வருவதாக' என்று மாறி, 'நான்' இருந்த இடத்தில் 'தான்' வந்து அமர்கிறது. இங்கே கூற்றைச் சொன்னவனின் குரல் இல்லை. எடுத்துச் சொல்பவனின் குரலே இருக்கிறது. ஆங்கிலத் 'தட்' வாக்கியத்துக்கு உண்மையான உறவினர் 'என்று' அன்று, இந்த 'ஆக'தான் என்பது என் கருத்து. அதனால் பிள்ளைகள் 'என்று' வாக்கியத்திலிருந்து நேரே ஆங்கிலத்துக்குத் தாவக்கூடாது; முதலில் தமிழிலேயே 'தான் … ஆக' வாக்கியமாக மாற்றிக்கொண்டு அதன்பின் கடக்க வேண்டும்.

அன்று மாலை நானும் அவனும் அதைத்தான் செய்தோம். முதலில் தமிழில் எழுதச் சொன்னேன்: 'தான் சாவியை எடுத்ததாகவும் பூட்ட மறந்துவிட்டதாகவும் அவன் என்னிடம் சொன்னான்.' இதை அவன் எழுதி முடித்ததும் ஆங்கிலம் தானே வந்தது: 'ஹி டோல்ட் மீ தட் ஹி ஹாட் டேக்கன் த கீ அண்ட் ஹாட் ஃபர்காட்டன் டு லாக் த டோர்.' எழுதிவிட்டு அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு பக்கக் கடிதம் ஆயத்தம் செய்தோம். உடன் வேலை செய்தவனும் கேட்டபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டான். அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து இவன் வேலைக்குத் திரும்பினான். பிடித்திருந்த சம்பளமும் கிடைத்தது.

நம் 'தான்' ஆங்கிலத்தில் இல்லாதது ஆங்கிலேயருக்கே தொல்லை தருகிறது. 'கண்ணன் டோல்ட் மணி தட் ஹி ஹாட் வன் த ப்ரைஸ்.' பரிசு யாருக்கு? கண்ணனுக்கா, மணிக்கா, இருவரும் அறிந்த மூன்றாமவனுக்கா? 'ஹி' மூவருக்கும் பொருந்தும். தமிழில் 'தான் பரிசு பெற்றதாகக் கண்ணன் மணியிடம் சொன்னான்' என்றால் கண்ணனே. 'நீ பரிசு பெற்றாய் என்று கண்ணன் மணியிடம் சொன்னான்' என்றால் மணியே. ஆங்கிலத்தில் கருத்தோடு எழுதுகிறவர்கள் இத்தகைய இடத்தில் பெயரையே திரும்பச் சொல்வார்கள், அல்லது வாக்கியத்தையே மாற்றிவிடுவார்கள். அறிக்கை எழுதும் நம் பிள்ளைகளுக்கு, 'ஐயம் வந்தால் பெயரை எழுது. அழகு குறைந்தாலும் குறையட்டும்' என்று நான் சொல்லித் தருகிறேன்.

வினைகள் கேட்கும் துணை

அந்த அறிக்கை வாக்கியத்தில் மற்றொரு பிழையும் இருந்ததை ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். 'ஹி டோல்ட் தட்' என்று எழுதியிருந்தான். 'டெல்' என்னும் வினை, யாரிடம் சொன்னான் என்பதை உடனே கேட்கும் வினை. 'டோல்ட் மீ', 'டோல்ட் அஸ்', 'டோல்ட் த மேனேஜர்' என்று ஆளைக் கொடுத்த பிறகுதான் அது 'தட்'டுக்கு வழிவிடும். 'சே' அப்படியன்று, அதற்கு ஆள் வேண்டியதில்லை. ஆளைச் சொல்லியே தீர வேண்டுமானால் 'டு' சேர்த்து, 'ஹி செட் டு மீ தட்' என்று சொல்ல வேண்டும். தமிழில் 'சொல்', 'கூறு', 'தெரிவி', 'விளக்கு' எல்லாவற்றுக்கும் 'என்னிடம்' அல்லது 'எனக்கு' என்பது பொருந்திவிடுகிறது; விட்டுவிட்டாலும் குறையில்லை. அதனால்தான் நம்மவர் 'டோல்ட் டு மீ' என்றும் 'செட் மீ' என்றும் 'எக்ஸ்ப்ளெயின்ட் மீ' என்றும் இடம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 'எக்ஸ்ப்ளெயின்', 'சஜெஸ்ட்' இரண்டும் 'சே'யின் வீட்டைச் சேர்ந்தவை. ஆள் வந்தால் 'டு'வோடு வர வேண்டும். 'இன்ஃபார்ம்', 'ரிமைண்ட்', 'கன்வின்ஸ்' ஆகியவை 'டெல்'லின் வீடு. அவற்றுக்கு ஆள் நேராக வேண்டும். இதை விதியாகக் கற்பிப்பதைவிட, ஒவ்வொரு வினையையும் அதன் துணையோடு சேர்த்தே சொல்லிப் பழக்குவது நல்லது. 'டெல்' என்று பலகையில் எழுதாமல் 'டெல் மீ' என்றே எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பரவலான பிழை 'ஆஸ்க்' என்னும் வினையில் நேர்கிறது. 'நீ எங்கே போகிறாய் என்று கேட்டேன்.' இதைப் பிள்ளைகள் 'ஐ ஆஸ்க்ட் ஹிம் தட் வேர் ஆர் யூ கோயிங்' என்று மொழிபெயர்ப்பதை வாரம் ஒருமுறையாவது காண்கிறேன். பிள்ளைகள் மட்டுமா? படித்துப் பட்டம் பெற்றவர் கடிதங்களிலும் பார்த்திருக்கிறேன். காரணம் தெளிவு. தமிழில் 'என்று' வினாவையும் விடையையும் வேறுபாடின்றி ஏந்தும்; 'தட்' வினாவை ஏந்தாது. வினாச்சொல் இருந்தால் அதுவே பாலமாகிவிடும்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வாஸ் கோயிங்.' நம் 'ஆ' ஈற்று வினாவானால் 'இஃப்' அல்லது 'வெதர்' வரும்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் இஃப் ஹி வாஸ் கோயிங்.' அத்துடன் வினாவின் சொல்லடுக்கும் தலைகீழாவதை விட்டுவிட்டு, 'ஹி வாஸ்' என்று நேராக நிற்கும். 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்பதற்கும் இதே முறைதான்.

'வாண்ட்' என்பதும் நம்மை ஏமாற்றும் வினை. 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதில் 'என்று' இருக்கிறது. ஆகவே, 'ஐ வாண்ட் தட் யூ ஷுட் கம்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கில வழக்கில் 'வாண்ட்' இவ்வாறு 'தட்'டைச் சேர்த்துக்கொள்வதில்லை. 'ஐ வாண்ட் யூ டு கம்' என்பதே முறை. வியப்பு என்னவென்றால், அதே விருப்பப் பொருளுடைய 'விஷ்', 'ஹோப்' ஆகியவை 'தட்'டைச் சேர்த்துக்கொள்கின்றன. ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், வழக்கு என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை. தமிழிலும் ஏன் என்று சொல்ல முடியாத வழக்குகள் எத்தனையோ உண்டே!

சில இடங்களில் இரு மொழியும் நெருங்கி வருவதையும் காண்கிறோம். 'மழை வருமா?' என்று ஒருவர் கேட்டால், 'அப்படித்தான் நினைக்கிறேன்' என்கிறோம். 'அவர் ஊருக்குப் போய்விட்டார்' என்று ஒருவர் சொன்னால், 'அது எனக்குத் தெரியும்' என்கிறோம். நினைப்புக்கு 'அப்படி', அறிவுக்கு 'அது'. ஆங்கிலமும் முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் 'ஐ திங்க் சோ' என்றும் 'ஐ நோ தட்' என்றும் இதே பிரிவைச் செய்கிறது. உறுதியில்லாத நினைப்பைச் சுட்டுப்பெயரால் பிடிக்க இரு மொழியும் தயங்குகின்றன போலும். ஆனால் மறுத்துச் சொல்லும்போது மீண்டும் பிரிந்துவிடுகின்றன. 'அவன் வரமாட்டான் என்று நினைக்கிறேன்' என்று நாம் மறுப்பை உள்ளே வைப்போம். ஆங்கிலத்தார் அதை வெளியே இழுத்து, 'ஐ டோண்ட் திங்க் ஹி வில் கம்' என்பார்கள். 'ஹோப்' என்னும் வினை வந்தாலோ மறுப்பு உள்ளேயே இருந்துவிடும்: 'ஐ ஹோப் ஹி வோண்ட் கம்.'

இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களிலும் 'தட்' இல்லாததைப் பார்த்தீர்களா? பேச்சில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் பெருமளவில் திரட்டி ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த லாங்மன் இலக்கணம், உரையாடலில் 'தட்' விடுபடுவதே பெருவழக்கு என்று காட்டுகிறது. 'திங்க்', 'சே' போன்ற அன்றாட வினைகளுக்குப் பின்னும், உள்வாக்கியம் 'ஐ', 'ஹி' முதலிய மூவிடப்பெயரோடு தொடங்கும்போதும், இரு வாக்கியங்களின் எழுவாயும் ஒருவரையே குறிக்கும்போதும் அது எளிதில் விழுந்துவிடுகிறது. வினைக்கும் உள்வாக்கியத்துக்கும் நடுவே வேறு சொற்கள் புகுந்தால், அல்லது இரண்டு உள்வாக்கியங்கள் 'அண்ட்' போட்டு அடுக்கி வந்தால், 'தட்' தங்கி நிற்கும். 'ஐ திங்க் ஹி இஸ் இல்' என்பதே இயல்பான பேச்சு; 'ஐ திங்க் தட் ஹி இஸ் இல்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லும் பிள்ளை பிழை செய்யவில்லை, நூல் படிப்பது போலப் பேசுகிறது. ஆனால் அறிக்கையில், சாட்சிக் கடிதத்தில், 'தட்' இருப்பது நல்லது. யார் கூற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கு அது வேலியாக நிற்கும்.

மற்றொரு மயக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'த நியூஸ் தட் ஹி ப்ராட்' என்பது 'அவன் கொண்டுவந்த செய்தி'. 'த நியூஸ் தட் ஹி ஹாட் வன்' என்பது 'அவன் வென்றான் என்ற செய்தி'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'தட்'. தமிழில் முன்னது வெறும் பெயரெச்சம். பின்னது 'என்ற' பெற்றது. பிள்ளைகளைத் தமிழாக்கச் சொல்லிப் பார்த்தால், எந்தத் 'தட்' எது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 'என்ற' வந்தால் அந்தத் 'தட்'டின் இடத்தில் 'விச்' போடக்கூடாது.

வகுப்பறையில்

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது; அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. அவர்களுக்கு மலாய் தெரியும். மலாய் மொழியில் 'பஹாவா' என்னும் சொல் 'தட்'டின் வேலையைச் செய்கிறது. பேச்சில் அதுவும் தட்டைப் போலவே விடுபடும். உடல்நலமில்லாத கண்ணனைப் பற்றி மலாய் ஆசிரியரிடம் சொல்லப் போகும் பிள்ளை, 'டியா காத்தா சாயா சாக்கிட்' என்று சொல்வதில்லை. 'டியா காத்தா டியா சாக்கிட்' என்றே சொல்கிறது. 'சாயா' என்றால் தன்னையே குறித்துவிடும் என்பதை யாரும் கற்பிக்காமலே அது அறிந்திருக்கிறது. அதே பிள்ளை அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியரிடம், 'ஹி செட் ஐ ஆம் சிக்' என்கிறது! மலாயில் செய்ததையே ஆங்கிலத்திலும் செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூவிடப்பெயர்ச் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் மலாயைக் கொண்டு ஆங்கிலம் கற்பிப்பதா என்று சில நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. பிள்ளையிடம் இருக்கிற கருவியைத்தானே எடுத்துக் கொடுக்கிறேன்?

மலாய் உதவாத இடம் காலம் ஒன்றுதான். மலாய் வினை காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ஆங்கிலத்திலோ 'செட்' என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், உள்ளே உள்ள வினையும் ஒரு படி பின்வாங்குவது வழக்கம்: 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'டுக்' என்பது 'ஹாட் டேக்கன்' ஆகும். தமிழ்ப் பிள்ளைக்கு இது விந்தையாகத் தோன்றும். 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'வருவேன்' எதிர்காலமாகவே இருக்கிறதே! 'வருவதாகச் சொன்னான்' என்று மாற்றினாலும் எதிர்காலம் எதிர்காலமே. இதற்கு மட்டும் நம் மொழியிலிருந்து பாலம் கிடைக்காது, பயிற்சிதான் வழி.

பயிற்சிக்கு நான் கையாளுவது பழைய தூது விளையாட்டே. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, காதோடு காதாக ஆங்கிலத்தில் ஒரு செய்தி சொல்லி, வேறொரு வகுப்பு ஆசிரியரிடம் அனுப்புவேன். செய்தியில் 'ஐ' இருக்கும், 'யூ' இருக்கும், 'மை' இருக்கும். போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, என்ன சொன்னாய் என்பதையும் என்னிடம் சொல்ல வேண்டும். தாளில் எழுதித் தரமாட்டேன். தூது போகிறவர் வழியில் 'நான் இப்போது யார்?' என்று எண்ணிக்கொண்டே நடக்க வேண்டும்; அந்த நடைதான் பாடம்.

சென்ற மாதம் ஒரு சிறுமியிடம், 'ஐ ஆம் கமிங் டு யுவர் கிளாஸ் இன் டென் மினிட்ஸ்' என்று நான்காம் ஆண்டு ஆசிரியைக்குச் செய்தி அனுப்பினேன். அவள் போய், 'த ஹெட்மாஸ்டர் செட் தட் ஹி இஸ் கமிங் டு யுவர் கிளாஸ் இன் டென் மினிட்ஸ்' என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை, 'ஹி வாஸ் கமிங் என்று சொல்ல வேண்டும்' என்று திருத்தி அனுப்பிவிட்டார். சிறுமி திரும்பி வந்து என் மேசை முன் நின்று, "ஐயா, நீங்கள் இன்னும் போகவில்லையே? இனிமேல்தானே போகப் போகிறீர்கள்? பிறகு ஏன் 'வாஸ்'?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. சொன்ன செய்தி பேசும் நேரத்திலும் உண்மையாகவே இருக்குமானால், 'இஸ்' என்று விட்டுவைக்க ஆங்கில வழக்கு இடம் தருகிறது. உலகம் சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்னும்போது 'கோஸ்' என்பதை 'வென்ட்' என்று மாற்றாமல் விடுவதும் இதனாலேயே. 'வாஸ்' என்பதும் பிழையன்று. 'இஸ்' என்பதும் பிழையன்று. ஆசிரியையும் சிறுமியும் இருவருமே சரி என்று சொன்னேன். அவளுக்கு அதில் மனநிறைவு இல்லை. "அப்படியானால், நீங்கள் போய்விட்டு வந்த பிறகு கேட்டால் மட்டும் 'வாஸ்'தானே?" என்றாள். ஆம் என்றேன். பத்து நிமிடம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. நான்காம் ஆண்டு வகுப்புக்கு எழுந்து போனேன்.